அட்மிரல் எழுதிய கஞ்சிக் கடிதம்

என் அப்பா யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடற்படையில் சமையல்காரராக இருந்தவர். மீசை அரும்பும் வயதில் தூத்துக்குடியிலிருந்து போய்ச் சேர்ந்தார். மேலே இருப்பவர் எதைச் சொன்னாலும் 'சரி' என்று சொல்லிப் பழகியவர் கப்பலை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அம்மாவுக்குச் சரி, பங்குச் சாமியாருக்குச் சரி, பால்காரருக்குச் சரி, பெற்ற பிள்ளைகளுக்கும் சரி. அப்பேர்ப்பட்டவருக்கு மகளாகப் பிறந்த எனக்கோ வாயைத் திறந்தால் சண்டைதான். வீட்டில் விழ வேண்டிய 'மாட்டேன்' எல்லாவற்றையும் நான் ஒருத்தியே சொல்லித் தீர்க்க வேண்டியிருந்ததால் வந்த வினை அது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன்.

அப்பாவின் சரியில் இரண்டு வகை உண்டு. மனசுக்குப் பிடித்த காரியம் என்றால் 'சரி' என்று சுருக்கமாக முடித்துவிடுவார். பிடிக்காத காரியம் என்றால் 'சரிப்பா', 'சரிம்மா' என்று அதற்கு ஒரு வால் முளைக்கும். கூடவே கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இந்த வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் அது பிடிபடவே இல்லை.

அம்மா போன பிறகு அப்பா ஹைதராபாத்துக்கு எங்களோடு வந்து தங்கினார். அப்போது பேகம்பேட்டில்தான் விமான நிலையம். ஹப்சிகுடாவில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் ஒரு மருந்துக்கடையும், அதையொட்டி ஜெராக்ஸ், எஸ்.டி.டி. என்று பலகை வைத்த சின்னக் கடையும் இருந்தன. நான் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கம்பெனி வண்டியில் போய்வந்தே பாதி ஆயுள் கழிந்துகொண்டிருந்தது. என் கணவர் கோயம்புத்தூர்க்காரர், உப்பலில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படித்தாள். தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு தகரப் பெட்டி. அதில் வேட்டி சட்டைகளுக்கு அடியில் அம்மாவின் ஜெபப் புத்தகம் இருந்தது. அந்தப் புத்தகத்தின் நடுவில், பாலிதீன் பைக்குள், நான்காக மடித்த ஒரு தாள். ஒரு அட்மிரல் தன் கைப்பட அப்பாவுக்கு எழுதிய கடிதம் அது.

அந்த அட்மிரலின் பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இந்தக் கதையில் அவருடைய வயிற்றுப்போக்கு வருகிறது. அப்பா வேலை பார்த்த கப்பலுக்கு அவர் பார்வையிட வந்திருந்தார். வந்த இடத்தில் எதுவோ ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார். அதிகாரிகளின் சமையலறையிலிருந்து போனதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் யாரோ சொல்லி, மாலுமிகளுக்குச் சமைக்கும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா சுக்குப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, மிளகும் பூண்டும் வைத்துப் பருப்புத் துவையல் அரைத்துக் கொடுத்தார். அட்மிரல் எழுந்து உட்கார்ந்தார். கப்பலை விட்டுப் போகும்வரை காலையும் மாலையும் அதே கஞ்சிதான் கேட்டாராம்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், நீல மையில், ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. கஞ்சிக்கு நன்றி, அந்தத் துவையலை எங்கள் வீட்டில் யாராலும் சரியாக அரைக்க முடியவில்லை, செய்முறையை எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அப்பா ஆங்கிலம் தெரிந்த ஒரு நண்பரைப் பிடித்து எழுதி அனுப்பினார். அதோடு முடிந்தது. பதில் வரவில்லை, அப்பா எதிர்பார்க்கவும் இல்லை.

இதில் பத்திரப்படுத்த என்ன இருக்கிறது என்று எனக்கு ரொம்ப காலம் புரியவில்லை. வருகிற விருந்தாளிகளையெல்லாம் உட்கார வைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடிதத்தை எடுத்துப் பிரித்துத் தூரத்திலிருந்தே காட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அம்மாதான் ஒருமுறை சொன்னாள். அப்பாவைக் கப்பலில் எல்லோரும் 'குக்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அதிகாரியும் குக், கூட இருப்பவனும் குக். அந்தத் தாளில்தான் முதல் வரியில், 'மிஸ்டர்' போட்டு, அப்பாவின் முழுப் பெயரையும் ஒரு பெரிய மனிதர் தன் கையால் எழுதியிருந்தார். அதைக் கேட்ட பிறகு நான் அந்தக் கடிதத்தைக் கேலி செய்ததில்லை.

இப்போது என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் வேலைமுறையை எழுதிய தாள் ஒன்று தொங்க வேண்டும். எண்ணெய்க் கையோடு தொடுவார்கள் என்பதால் அதை லேமினேஷன் செய்திருக்க வேண்டும். வெறும் தாளாகத் தொங்கினால் தரச்சோதனைக்கு வரும் ஆடிட்டர் குற்றம் எழுதிவிடுவார். வருஷக்கணக்கில் இதே வேலையாக இருந்ததில் அவருக்கு வெறும் தாளைப் பார்த்தாலே மனசு பதறும், சட்டை போடாமல் குளிரில் நிற்கும் குழந்தையைப் பார்த்ததுபோல. எங்கள் ரேஷன் கார்டு, காஸ் அட்டை, கல்யாணப் பத்திரிகை, மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய சீட்டு, அவள் முதன்முதலில் கிறுக்கிய யானை, தண்ணீர் கேன் போடுகிறவரின் போன் நம்பர், எல்லாம் லேமினேஷன் ஆகிப் பளபளத்துக்கொண்டிருந்தன. வீட்டில் லேமினேஷன் ஆகாமல் மிச்சமிருப்பது நானும் அப்பாவும்தான் என்று நான் சொல்வேன். அப்பா சத்தம் போடாமல் சிரிப்பார்.

அப்பாவின் கடிதத்தின் மேல் அவருக்கும் ஒரு கண் உண்டு. ஆனால் மாமனார் சொத்து, கேட்காமல் தொடக்கூடாது என்று சும்மா இருந்தார். மடிப்புகளில் தாள் கிழிய ஆரம்பித்திருந்ததைப் பார்த்து அவ்வப்போது பெருமூச்சு மட்டும் விடுவார்.

அந்த வருஷம் தம்பி இன்டர்நெட்டில் எதையோ தேடப்போய், பிரபலமானவர்களின் கையெழுத்துக் கடிதங்களைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தான். அவர்களில் ஒருவர் நம் ஊரிலேயே, பேகம்பேட்டில் இருக்கிறார் என்றதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் நீளமாகப் பேசினான். கடிதம் நைந்துபோகிறது, மழை, கரையான், குழந்தை கை என்று எத்தனையோ ஆபத்து, அருமை தெரிந்த ஒருவர் கையில் இருந்தால் நூறு வருஷம் இருக்கும், நீங்களும் அந்தப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு உட்கார வேண்டாம், கொடுத்துவிடுவோம் அப்பா என்றான். அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு 'சரிப்பா' என்றார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு, அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை என்று கத்தினேன். அப்பாவே சரி என்று சொல்லிவிட்டாரே, உனக்கென்ன என்று கேட்டான். சரியின் வாலைப் பற்றியும் கண்ணாடி துடைப்பதைப் பற்றியும் கடல் தாண்டி இருப்பவனுக்கு எப்படி விளக்குவது? அப்பாவிடம் போய், வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அவன் நல்லதுக்குத்தானம்மா சொல்லுதான்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை.

பேகம்பேட்காரர் ஒரு வாரநாளில் வந்தார். நான் லீவு போட்டிருந்தேன், கணவர் தொழிற்சாலையில் இருந்தார். ஓய்வு பெற்ற டாக்டர், பழைய ஹைதராபாத் மரியாதைக்காரர். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் அப்பாவிடம் பேசியது ஊர் இந்தி, அப்பா பதில் சொன்னது கப்பல் இந்தி. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை வைத்துக் கடிதத்தை வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அந்த அட்மிரலின் கடிதங்கள் அங்கங்கே இருக்கின்றனவாம். ஆனால் எல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்து அவர் கீழே கையெழுத்து மட்டும் போட்டவை. முழுக்க முழுக்க அவர் கையால் எழுதியது அபூர்வம். அதிலும் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். சண்டையைப் பற்றி எல்லோரிடமும் இருக்கிறது, கஞ்சியைப் பற்றி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை கடிதத்தை ஒன்றும் செய்யக்கூடாது என்று அப்பாவிடம் பொறுமையாக விளக்கினார். கிழிசலில் டேப் ஒட்டக்கூடாது, பசை தடவக்கூடாது, சுருக்கம் போக இஸ்திரி போடக்கூடாது. முக்கியமாக லேமினேஷன் பக்கமே போகக்கூடாது, சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு உருகி ஒட்டிக்கொண்டால் பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது, அதோடு அதன் மதிப்பும் போய்விடும் என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் 'சரி சார்' சொன்னார். எங்களுக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக, ஒரே ஒரு தடவை, ஜாக்கிரதையாக என்றார் அவர்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும், ராத்திரி இவர் வந்தவுடன் முதல் வேலையாக லேமினேஷன் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும் என்றேன்.

"மாப்பிள்ளகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்மா" என்றார் அப்பா.

அந்த வாரம் எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. இருந்தாலும் கண் வீட்டில்தான் இருந்தது. அப்பா யாருக்கும் கடிதத்தைக் காட்டவில்லை. காலையில் நான் வண்டிக்குக் கிளம்பும்போது பால்கனியில் வெளிச்சத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். படிக்கிறாரா என்றால் இல்லை, அது அவருக்கு மனப்பாடம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். வண்டியில் போகும்போது எனக்கு அழுகை அழுகையாக வரும். மகனுக்காக ஒரு மனுஷன் தன் பெயர் எழுதிய ஒரே தாளையும் தூக்கிக் கொடுக்கப்போகிறாரே, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேனே என்று நினைத்து நினைத்து அந்த வாரம் ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை என் கணவருக்கு அரைநாள்தான் வேலை. மத்தியானம் படியேறி வரும்போதே விசில் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் பழுப்புத் தாளில் சுற்றிய ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"மாமா, இனி மழையிலயே நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க. கெட்டியான ஷீட்டாப் பாத்துப் போட்டிருக்கனுங்க."

அப்பா பிரித்தார். உள்ளே அட்மிரலின் கடிதம், நாலு ஓரமும் பிளாஸ்டிக் விளிம்போடு, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மூலைகளைக் குத்தாமல் வட்டமாக வேறு வெட்டியிருந்தார். கூடவே நல்ல நகல் ஒன்று. அதையும் லேமினேஷன் செய்திருந்தார்.

என்ன செய்துவிட்டீர்கள் தெரியுமா என்று தொடங்கி, கையுறைக்காரர் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். என் கணவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. மாமா காலையில் நகல் எடுக்கத்தான் கொடுத்தார், மடிப்பில் கிழிந்திருந்தது, பெரிய மனிதர் வீட்டுக்குப் போகிற பொருள் இப்படியா போவது என்றுதான் செய்தேன், மேலாளரைக் கேட்டுவிட்டு வரைபடங்களுக்குப் போடும் பெரிய இயந்திரத்திலேயே போட்டேன், செய்யக்கூடாது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே என்றார். அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். வயதான மனிதரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை.

அப்பாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கொடுப்பது ஒரு துக்கம் என்றால், இப்படி ஆனது இன்னொரு துக்கம். அவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து போய் மறுநாள் சமையலுக்குச் சுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். என் கணவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் மாதா கோயிலிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். முன்கூட்டியே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மனுஷர் நேரில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்தார். கையில் எடுத்து லேசாக வளைத்துப் பார்த்தார். பிறகு கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் என் கணவரை நிமிர்ந்து பார்த்து ஊர் இந்தியில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"கைக்கு?"

ஏன் இப்படிச் செய்தாய் என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் கேட்க முடியாது. என் கணவர் எழுந்து நின்று, பாதுகாப்புக்காக சார் என்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நின்றார். டாக்டர் அவரையும் வட்டமாக வெட்டிய மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். இனி இது எனக்குப் பயன்படாது, எந்தச் சேகரிப்பாளருக்கும் பயன்படாது, யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் கோபமில்லை. அப்பா கைகூப்பினார்.

அப்புறம் அப்பா அவரை எழுந்திருக்க விடவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் தட்டில் துவையலும் கொண்டுவந்து வைத்தார். அதே சுக்குக் கஞ்சி, அதே பருப்புத் துவையல். அட்மிரல் சாப்பிட்டது என்றதும் டாக்டரின் முகம் முதல் நாள் கடிதத்தைப் பார்த்தபோது மலர்ந்ததைப் போலவே மலர்ந்தது. வழித்துச் சாப்பிட்டார். பிறகு தன் பையிலிருந்து டைரியையும் பேனாவையும் எடுத்து, துவையலுக்கு எத்தனை மிளகு, பருப்பை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா அட்மிரலுக்குச் சொன்னது போலவே அவருக்கும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, வெறுங்கையோடு போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு நான் சாய்ந்து நின்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. நடந்தது நஷ்டம்தான், தம்பி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். ஆனாலும் கடிதம் எங்கும் போகவில்லை, அப்பா நொறுங்கிப்போகவில்லை, வந்தவர் திட்டாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அப்பா என் கணவரின் தோளைத் தொட்டுப் பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அங்கே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர் முந்தின நாள் பட்டினிக்கும் சேர்த்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். பசி அவரைத் தெளியவைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் அந்தக் கடிதத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து தொடாதே, தொடாதே என்று கேட்டு வளர்ந்த பொருள் அது.

"நேனு பட்டுகோவச்சா, தாத்தா?" என்று கேட்டாள். நான் பிடித்துக்கொள்ளலாமா என்று.

அப்பா அதை அவள் கையில் கொடுத்தார். அவள் கை முழுக்கத் துவையல். அப்பா நிதானமாக அவளைக் கழுவுதொட்டிக்கு அழைத்துக்கொண்டு போய், குழாயைத் திறந்து, அவள் கையோடு அட்மிரலின் கடிதத்தையும் சேர்த்துத் தண்ணீரில் காட்டினார். நீல எழுத்தின் மேல் தண்ணீர் முத்து முத்தாக ஓடி வழிந்தது. எழுத்து ஒன்றும் கலங்கவில்லை. அவள் கைதட்டிச் சிரித்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார், தட்டைத் துடைப்பது போலத்தான். அத்தனை வருஷமாகக் கையைக் கழுவிக்கொண்டு பயந்து பயந்து தொட்டவர் அவர். அன்றைக்குத்தான் அவர் அந்தக் கடிதத்தை நிம்மதியாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கே தம்பியின் போன் வந்தது. நான் எதிர்பார்த்தபடியே தலையில் அடித்துக்கொண்டான். லேமினேஷனா, யாராவது லேமினேஷன் செய்வார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாம் என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று நான் கேட்டேன். அதெல்லாம் வேறு என்று முனகினான். கடைசியில் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இனி அது உங்களிடமே இருக்கட்டும் அப்பா என்றான்.

"சரி" என்றார் அப்பா, வாலில்லாமல்.

அதன்பிறகு அந்தக் கடிதம் பெட்டிக்குள் போகவே இல்லை. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். எண்ணெய் தெறித்தால் துடைத்துவிடுவார். விருந்தாளிகள் அவரவர் கையாலேயே எடுத்துப் படித்தார்கள். கீழ்வீட்டுப் பையன்கள் அதை வைத்து விசிறிக்கொண்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

சில வாரம் கழித்து மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ நகல் வேண்டுமென்று கீழே போனேன். ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கையெட்டும் தூரத்தில், நம் வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது. அப்பா தினமும் இங்கே வந்து கடைக்காரரோடு தெலுங்கும் தமிழுமாக அரட்டை அடிக்கிறவர். ஒரு நகல் எடுக்க உப்பல் வரைக்கும் எதற்குக் கொடுத்தனுப்பினார்? அதுவும் வீட்டிலுள்ள தாளையெல்லாம் வருஷக்கணக்கில் யார் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு? மாப்பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வேறு சொல்லிவிட்டு?

மேலே ஓடினேன். அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கக் கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை. பாவம் அந்த மனுஷர், ஒரு ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாரே என்றேன்.

"மாப்பிள்ளகிட்ட மறுநாளே சொல்லி மன்னிப்பும் கேட்டுட்டேன். அவுக சிரிச்சிட்டாவ. உங்கிட்டதான் சொல்லல. நீ தம்பிகிட்ட சண்டை போடுத வேகத்துல கொட்டிருவ."

எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு தூரம் சுற்றியதற்கு, பிடிக்கவில்லை, தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அப்பா என்று கேட்டேன்.

அப்பா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார். சுவரில் தொங்கிய கடிதத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"கப்பல்ல ஒரு ஆர்டர் பிடிக்கலன்னா, மாட்டேன்னு சொல்ல முடியாதும்மா. சரின்னு வாங்கிக்கிடணும். வாங்கி, அதுக்குத் தோதான ஆள்கிட்ட குடுத்துரணும்."